முகூர்த்தக்கால் நடும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் போடுவோர், மணநாளுக்குச் சில நாள் முன்னதாக நல்ல நேரம் பார்த்து, ஈசானிய (வடகிழக்கு) மூலையில் முகூர்த்தக்கால் நடுவார்கள். கோடையில் செம்மண் தரை இறுகிக் கிடக்குமாதலால், முதல் நாள் மாலையே நீர் ஊற்றி ஊறவிட்டால்தான் கடப்பாரை இறங்கும். நேரான மூங்கிலைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, நுனியில் மாவிலைக் கொத்துடன் (மாந்தோப்புகள் நிறைந்த இம்மாவட்டங்களில் அதற்குப் பஞ்சமில்லை), நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு ஆகிய நவதானியங்களை மஞ்சள் துணியில் முடிந்து கட்ட வேண்டும். குழியில் பாலும் சிறிது நவதானியமும் இட்டபின், சுமங்கலிப் பெண்கள் முகூர்த்தக்காலைப் பிடித்து நட, உறவினர் மண் தள்ளி இறுக்குவர். மண்டபத்தில் திருமணம் நடத்துவோர் சிலர் மணல் நிரப்பிய வாளியில் ஊன்றிவிடுகின்றனர். அதைவிட வீட்டு வாசலிலேயே நட்டுவிட்டு மண்டபம் செல்வது மேல்.