போனை வைத்த கை சும்மா இருக்கட்டும்

மியான்மரின் யாங்கோன் நகரில் 2000களில் ஒரு சிம் கார்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் உண்டு. 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து அதையே 1,500 கியாட்டுக்கு (மியான்மர் நாணயம்) விற்றன. ஒரே தாவலில் போனுக்குள் போனோம். வெளியே வருவதற்கும் ஒரே தாவல் போதும் என்று நினைக்கிறோம்; தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பேஸ்புக்கை நீக்குகிறோம். மறுநாள் விரல் டாலர் விலையைத் தேடுகிறது, பிறகு வானிலையை. எப்போது தீனி விழும் என்று தெரியாத புறா கொத்துவதை எளிதில் நிறுத்தாது என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் சோதனையில் காட்டினார். பலமுறை வெறுமனே பார்க்கிறோம். ஒருமுறை சிங்கப்பூரிலிருக்கும் மகனின் செய்தி வந்திருக்கிறது. கையை இழுப்பது அந்த ஒருமுறைதான். மகனோடு பேச இரவில் ஒரு நேரம் குறித்துக்கொண்டால் பகல் தவிப்பு பெரிதும் அடங்கும். மின்வெட்டு நேரம் பார்க்கவும் போனைத் தேடவேண்டிய ஊரில் அதை அடியோடு துறக்கச் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

இதைவிடப் பெரிய தவறு, மிஞ்சிய நேரத்தை உடனே நிரப்புவது. நடைப்பயிற்சி, புதிய மொழி, தியானச் செயலி (அதற்கும் போன்தான்!). சும்மா இருப்பதை ஏதோ குற்றம்போல் பார்க்கிறோம். அது எளிதும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோத்தி வில்சன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் தனியே யோசித்தபடி உட்காரச் சொன்னபோது 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தித் தங்களுக்குத் தாங்களே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசு கொடுப்போம் என்று முன்னதாகச் சொன்னவர்கள் அவர்கள்! ஆகவே முதல் சில நாள் எரிச்சல் வந்தால், நமக்கு இது ஒத்துவராது என்று முடிவு கட்டவேண்டாம்.

யாங்கோனைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் ஏறிப் பாருங்கள். ஏறக்குறைய 46 கிலோமீட்டர் சுற்றி, ஏறிய நிலையத்திலேயே இறக்கிவிடும். போய்ச் சேர ஊரும் இல்லை, முடிக்க வேலையும் இல்லை. வழியில் காய்கறி மூட்டைகள் ஏறும், இறங்கும். அதைப் படம் எடுத்து அனுப்பத் தோன்றும். அனுப்பினால் பதில் வந்ததா என்று பார்க்கத் தோன்றும். எடுக்காதீர்கள்.

டீக்கடையில் போனை மேசைமேல் கவிழ்த்து வைப்பதும் வீண்தான். கண் அதன்மேலேயே இருக்கும். ஒலியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.