பூட்டிய வீட்டை அக்காவுக்குத் திறக்க வைத்தது

புகுந்த வீட்டில் அக்காவையும் குழந்தையையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். காவல் நிலையத்தில் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்றதோடு சரி. வீடு மாமனார் பெயரில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொந்தக்காரர்களும் கைவிரித்தார்கள்.

பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தேன். கட்டணமில்லை, நடுராத்திரியிலும் எடுக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். தற்காலிகமாகத் தங்க இடம் கிடைத்தது. ஆனால் காரியம் நகர்ந்தது சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரால்தான். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் இப்படியொரு பதவி இருப்பது எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. அந்த மேடம் ஆறுதலாக நிறையப் பேசவில்லை. எப்போது அடித்தார்கள், ஓபி சீட்டு இருக்கிறதா, நகை யாரிடம், படிப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுக் கேட்டு சம்பவ அறிக்கையில் ஏற்றினார். எனக்கு அதுதான் பிடித்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடும்பமாக வாழ்ந்த பெண்ணை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று 17-ஆம் பிரிவைக் காட்டினார். மாமனார் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம்.

கோர்ட்டில் மனு கொடுத்த 3 நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம்; எங்களுக்கு அதைவிட இழுத்தது. அப்புறம் இடைக்கால உத்தரவு வந்ததும் மேடமே போலீசோடு வந்து நின்றார். பூட்டு திறந்தது.

பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, ஓபி சீட்டு எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், அப்புறம் அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்.