வீட்டு ஜெபத்தில் கீழ்ப்படிதல் பாடம்: நடத்துவது எப்படி?

தமிழக–கேரள எல்லையில் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து வீட்டு ஜெபங்களில் ஒரே பாயில் தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் திறந்திருக்கும். பாடம் எடுப்பவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சும் அங்கேதான். 1 சாமுவேல் 15:22இல் தமிழில் ‘கீழ்ப்படிதல்’ என்றிருப்பது மலையாளத்தில் ‘அனுசரிக்குந்நது’. மலையாளத்தில் அதற்குச் சொன்னபடி செய்வது என்று பொருள். தமிழிலோ ‘கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்றால் பொறுத்துக்கொள், வாய் திறக்காதே என்று அர்த்தம். இதைத் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்லாவிட்டால், வீட்டில் அடிவாங்கும் பெண் அதையும் தாங்கத்தான் வேதம் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவாள்.

எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஷமா’, அதாவது கேள். நாமும் ‘சொன்னா கேக்க மாட்டியா?’ என்று பிள்ளையை அதட்டும்போது காதைப் பற்றியா பேசுகிறோம்? இந்த ஒரு கேள்வியே விளக்கத்துக்குப் போதும்.

நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருந்தால் இரவு 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். 1 சாமுவேல் 15:1–24ஐ ஒருவர் நிறுத்தி வாசிக்கட்டும். பிறகு நான்கே கேள்விகள்: என்ன கட்டளை? எவ்வளவு செய்தான்? எதை விட்டான்? என்ன சாக்கு? அமலேக்கியரைக் குழந்தைகள், ஆடுமாடுகள் உட்பட முற்றிலும் அழிக்க வேண்டும் என்பது சவுல் ராஜாவுக்கு வந்த கட்டளை. அவன் பெரும்பாலும் செய்தவன்; அவர்கள் ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் மட்டும் தப்பவிட்டான். 13ஆம் வசனத்தில் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். அடுத்த வசனத்திலேயே ஆடுகளின் சத்தம் தீர்க்கதரிசி சாமுவேலின் காதில் விழுகிறது. இங்கே அவசரப்படாதீர்கள், பத்து நிமிடம் போனாலும் போகட்டும். 15ஆம் வசனத்தில் அவன் ‘உம்முடைய தேவன்’ என்பதையும், 24இல் ஜனங்களுக்குப் பயந்து ‘அவர்கள் சொல்லைக் கேட்டேன்’ என்பதையும் கேட்பவர்களே கண்டுபிடிக்கட்டும். கேட்டான்தான், ஆனால் வேறு ஆளின் சொல்லை.

சிறுபிள்ளைகள் இருந்தால் இந்த அதிகாரம் வேண்டாம். அமலேக்கியரின் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள்; நியாயமான கேள்வி, ஆனால் அரைமணி நேரத்தில் தீராது. 2 இராஜாக்கள் 5இல் குஷ்டம் நீங்குவதற்காக நாகமான், தீர்க்கதரிசி சொன்னபடி யோர்தானில் ஏழு தரம் முழுகுவதை எடுங்கள். ஆறு தரத்தோடு கரையேறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பிள்ளைகளே பாடத்தை முடித்துவிடுவார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் எழுதுவதற்கு. ஆளுக்கு ஒரு கட்டளை, ஒரே வரி. ‘இன்னும் அன்பாயிருப்பேன்’ என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். அதைச் செய்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. யாரிடம், எதை, எந்த நாளுக்குள் என்ற மூன்றும் வரியில் இருக்க வேண்டும். உபாகமம் 24:15 கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. அப்படியானால் வரி இது: ‘பால்வெட்டுகாரருக்கு நிற்கும் இரண்டு வாரக் கூலி, நாளை மாலைக்குள்.’ காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5:23–24 என்றால்: ‘எல்லைக்கல் விஷயமாக அண்ணன் வீட்டுக்கு, சனிக்கிழமைக்குள், காணிக்கைக் கவர் போடுமுன்.’

பாடம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: அடுத்தவருக்கான கட்டளையை எடுத்துக்கொள்வது. மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று மாமியார் எபேசியர் 5:22ஐக் காட்டினால், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21ஐயும், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்பா 6:1ஐக் காட்டினால், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்னும் 6:4ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். செய்தால் கடன் தீரும், வேலை கிடைக்கும் என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எபேசியர் 2:8–10ஐ வரிசை மாறாமல் வாசியுங்கள். கிருபை முதலில், கிரியை பின்னால்.

சபை ஊழியர் சொல்வதெல்லாம் தேவன் சொல்வதுதானா என்ற கேள்வி வராமல் இருக்காது. மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் 5:29 அதற்கு எல்லை வைக்கிறது. பக்கத்திலேயே உதாரணமும் இருக்கிறது: திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான தேவசகாயம் பிள்ளை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், விசுவாசத்தை விடச் சொன்னபோது மறுத்து, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 2022இல் அவரைப் புனிதராக அறிவித்தது.

அடுத்த வாரம் பாட்டுக்கு முன்பே நோட்டைத் திறங்கள். செய்யாதவரைக் கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டாம். மத்தேயு 21இல் ‘மாட்டேன்’ என்ற மகன்தான் பின்பு திராட்சத்தோட்டத்துக்குப் போனான். வரியை அடிக்காமல், பக்கத்தில் புதுத் தேதியை மட்டும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.