பாதை விட்டு இறங்கும் வண்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டிலும் பாலையிலும் வண்டி ஓட்டுபவர்களில் வேண்டுமென்றே நாசம் செய்பவர்கள் குறைவுதான். பெரும்பாலான கெடுதல் "ஒரு தடவைதானே" என்று நினைப்பவர்களால் நடக்கிறது. டயர் தடம் என்பது பின்னால் வருபவருக்கு ஒரு அழைப்பு என்பது அப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

பாதை நடுவே சேறு தேங்கியிருக்கிறது. சிக்கிக்கொள்வோமோ என்று பயந்து ஓரத்துப் புல்லின் மேல் வண்டியை ஏற்றுகிறோம். அடுத்தவர் அந்தத் தடத்தைப் பிடித்தே வருவார். இரண்டு மழையில் அந்த ஓரமும் குழைந்துவிடும். அதற்கடுத்தவர் இன்னும் தள்ளிப் போவார். ஒரு வண்டி அகலப் பாதை மூன்று வண்டி அகலமாவது இப்படித்தான். இறங்கி ஆழம் பார்த்துவிட்டு நடுவிலேயே மெதுவாகக் கடக்க வேண்டும். முடியாதென்று தெரிந்தால் திரும்பிவிடலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உண்மையில், பெருமழை பெய்த மறுநாளே கிளம்புவதுதான் முதல் தவறு.

பாலையில் வேறு மாதிரியான அலட்சியம். "வெறும் மண்தானே, என்ன கெட்டுப்போகும்?" குனிந்து பார்த்தால் சில இடங்களில் மண்ணின் மேல் கறுத்து, மேடும் பள்ளமுமாக, சொரசொரப்பாக ஓர் ஓடு தெரியும். அது உயிருள்ள ஓடு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள், பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிர்) எல்லாம் சேர்ந்து மணல் துகள்களை நூலால் தைத்ததுபோல் பிணைத்து வைத்திருக்கின்றன. காற்றும் மழையும் மண்ணை அள்ளிப்போகாமல் காப்பது அதுதான். காலடி பட்டாலே நொறுங்கும், டயர் ஏறினால் கேட்கவே வேண்டாம். மீண்டும் வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட ஆகும். அமெரிக்காவின் மொஹாவே பாலையில் 1942 முதல் 1944 வரை ராணுவம் டாங்கிப் பயிற்சி நடத்தியது. அந்தத் தடங்களில் சில இன்னும் மறையவில்லை. அத்தகைய பாலைகளில் சீரமைப்பு வேலை செய்பவர்கள் ஒரு தடத்தை முழு நீளத்துக்கும் அழித்துக்கொண்டிருப்பதில்லை. பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை காய்ந்த கிளைகளை நட்டு மறைத்துவிடுவார்கள். கண்ணில் படாத தடத்தில் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள் என்ற கணக்கு. ஐஸ்லாந்தில் பாதையை விட்டு வண்டி ஓட்டுவதே சட்டப்படி குற்றம். எனக்கு அது கொஞ்சமும் அதிகமாகப் படவில்லை.

ஓடையைக் கடக்க ஏற்கெனவே உள்ள துறையில் மட்டும் இறங்குங்கள். வீடியோவுக்காக ஓடை நீளத்துக்குத் தண்ணீர் தெறிக்க ஓட்டுவது வேண்டாம். கலங்கும் வண்டல், கூழாங்கல் இடுக்கில் கிடக்கும் மீன் முட்டைகளை மூச்சடைக்க வைக்கும். அங்கேயே வண்டியைக் கழுவுவதும் கூடாது. கழுவ வேண்டியது கிளம்பும் முன், வீட்டில். அடிப்பாகத்துச் சேற்றில் ஒட்டியிருக்கும் களை விதைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு அப்படித்தான் போய்ச் சேர்கின்றன.

வண்டி சிக்கினால், அதை இழுத்து மீட்கும் வின்ச் உருளையின் கம்பியை நேரே மரத்தில் சுற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பி மரப்பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். சுற்றிலும் அறுபட்டால் மரம் பட்டுப்போகும். அகலமான துணிவார் ஒன்றை, நல்ல பருமனான மரத்தின் அடியில் சுற்றி, அதில் கம்பியை மாட்ட வேண்டும். காய்ந்த உயரமான புல்லில் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. புகைபோக்கிச் சூட்டில் தீப்பிடிக்கும்.

அப்புறம், யாரும் பேசத் தயங்கும் விஷயம். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வறண்ட பாலை மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது, அங்கே எல்லாவற்றையும் சுமந்து வருவதுதான் சரி.

சமூக ஊடகத்தில் படம் போடும்போது துல்லியமான இடக்குறிப்பு வேண்டாம். பொதுவாகப் பகுதியின் பெயரைச் சொன்னால் போதும். உண்மையிலேயே போக நினைப்பவர் கேட்பார்; அப்போது வழியைச் சொல்லுங்கள், எந்த மாதத்தில் அங்கே போகக் கூடாது என்பதையும் சேர்த்து.