பாதையில்லாத பனிமலையில் நடப்பது எப்படி: நியூ ஹாம்ப்ஷயர் வெள்ளை மலைகளை முன்வைத்து

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வெள்ளை மலைகளில் மிக உயர்ந்ததான வாஷிங்டன் சிகரமே 1,917 மீட்டர்தான். ஆனால் 1934 ஏப்ரலில் அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியிருப்பதால், உயரத்தை மட்டும் பார்த்து இந்த மலைகளை எடைபோடுவது தவறு. இங்கே ஸ்கார் ரிட்ஜின் மேற்குச் சிகரம், வோஸ் ஸ்பர் போன்ற சில சிகரங்களுக்கு முறையான பாதையே கிடையாது. கோடையில் புதரும் விழுந்த மரங்களும் வழிமறிக்கும் அந்தக் காடுகளில், அவை பனிக்கடியில் புதைந்துவிடும் குளிர்காலத்தில் நடப்பது சில இடங்களில் எளிது. குறியிட்ட பாதைகளில் குளிர்கால நடைப்பழக்கம் உள்ளவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் முதலில் அதைப் பெற வேண்டும்.

வேலையின் பெரும்பகுதி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். சம உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தோடு, இலையுதிர்ந்த பருவத்தில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் வைத்துப் பாருங்கள். மேப்பிள், பீச், பிர்ச் மரங்கள் நிற்கும் சரிவுகள் வெளிர்சாம்பல் நிறத்திலும், என்றும் பசுமையான ஊசியிலை மரங்களான ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் அடர்ந்த பகுதிகள் கரும்பச்சையாகவும் தெரியும். முன்னவற்றில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்கக் காலணியின் கீழ் கட்டும் அகன்ற சட்டம்) அணிந்து மரங்களுக்கிடையே தாராளமாக நடக்கலாம். பின்னவற்றில் கிளைகளை விலக்கியே நகர வேண்டியிருக்கும். ஆகவே சிகரத்துக்கு நேர்க்கோடு வரையாமல், சுற்றாக இருந்தாலும் இலையுதிர் மரங்களின் வழியே இயன்றவரை உயரம் ஏறி, கரும்பச்சைப் பட்டை எங்கே மிகக் குறுகலோ அங்கே அதைக் கடக்கும்படி வழியை அமைக்க வேண்டும். வலிமையான கால்களைவிட இந்தத் தேர்வே பயணத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

படத்தில் மரமே இல்லாத வெள்ளைக் கீற்றுகளும் தெரியும். அவை பழைய நிலச்சரிவுத் தடங்கள். ஏறுவதற்கு வசதியானவைபோல் தோன்றினாலும், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த திறந்த சரிவுகளே பனிச்சரிவு ஏற்படும் இடங்கள் என்பதால் அவற்றை விட்டு விலகிச் செல்லுங்கள். மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையத்தின் முன்னறிவிப்பு, வாஷிங்டன் சிகரம் உள்ள பிரசிடென்ஷியல் மலைத்தொடருக்கானது. அதற்கு வெளியே சரிவின் சாய்வை நீங்களே அளந்து முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் காடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கே நடப்பவர்கள் அதை ஸ்ப்ரூஸ் டிராப், அதாவது ஸ்ப்ரூஸ் பொறி, என்பார்கள். இளம் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்களைப் பனி முழுக்க மூடும்போது, கிளைகளுக்கு அடியில் பனி இறுகாமல் வெற்றிடம் தங்கிவிடுகிறது. மேலே சமதளமாகத் தெரியும் இடத்தில் கால் வைத்தவர் இடுப்பளவோ மார்பளவோ உள்ளே போய்விடுவார். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பச்சை நுனிகளே எச்சரிக்கை. அவற்றை ஒட்டி நடக்காதீர்கள். விழுந்துவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ஏனெனில் ஸ்னோஷூ கிளைகளுக்கு அடியில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பனிமேல் வைத்து, ஊன்றுகோல்களைக் குறுக்காகப் போட்டு அவற்றின் மேல் சாய்ந்து, காலைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டி எடுங்கள். தேவையானால் ஸ்னோஷூவின் பட்டையை அவிழ்த்துவிட்டுப் புரண்டு வெளியேறுங்கள். தனியாகச் செல்லக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடர்காட்டில் கிளைகளைத் தொட்டவுடன் பனி கழுத்துக்குள் கொட்டும். வெயிலடித்தாலும் தலைமறைப்புள்ள நீர்புகா மேலங்கியை அணிந்து, கண்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுள்ளிகள் முகத்தின் உயரத்தில்தான் இருக்கும். பையின் வெளிப்புறத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள், காடு அதைப் பிடுங்கிக்கொள்ளும். உடலை ஒட்டி அணிவது கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்கட்டும். வெயில் ஊர்களில் நாம் விரும்பி உடுத்தும் பருத்தி, வியர்வையைப் பிடித்துவைத்து இங்கே உடல் வெப்பத்தைக் களவாடும். வியர்க்கத் தொடங்கும் முன்பே ஓர் உடையைக் கழற்றுங்கள். நின்றவுடன் மீண்டும் அணியுங்கள்.

திசைகாட்டியின் முள் இப்பகுதியில் உண்மை வடக்கிலிருந்து சுமார் 14 பாகை மேற்கே சாய்ந்து நிற்கிறது. இதைத் திருத்தாமல் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 240 மீட்டர் விலகிவிடுவீர்கள். கைபேசியிலுள்ள ஜிபிஎஸ் உதவும் என்றாலும், குளிரில் பேட்டரி விரைவில் வலுவிழக்கும் என்பதால் அதை உடலை ஒட்டிய உட்பையில் வைத்து, திசைகாட்டியோடு ஒப்பிடுவதற்கு மட்டும் எடுங்கள். திரும்பி வர உங்கள் கால்தடமே போதும் என்று நம்பாதீர்கள். முகட்டில் காற்று அதை விரைவில் அழித்துவிடும். மரங்களில் வண்ண நாடா கட்டிச் செல்வதை நான் ஏற்கவில்லை, அது குப்பைதான்.

அடர்ந்த ஃபிர் காட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கடக்க முடியாமல் போகலாம்; டிசம்பரில் மாலை நான்கேகாலுக்குள் சூரியன் மறைந்துவிடும். எனவே திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே குறித்து, சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். முன்னால் சென்று பனியை மிதித்து வழியமைப்பவர் விரைவில் களைப்பார், ஆகவே முறை மாற்றிக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஓடையின் வழி எளிதாகத் தோன்றும். ஆனால் அங்கே பனிப்பாலத்தின் கீழ் நீர் ஓடிக்கொண்டிருக்கும், உடைந்தால் நனைந்த காலோடு நெடுந்தூரம் நடக்க வேண்டும்.

தண்ணீர் மேற்புறத்திலிருந்தே உறையும் என்பதால் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். தலைவிளக்கு, உபரிக் கையுறை, அவசரகாலப் படுக்கைப்பை ஆகியவற்றோடு ஒரு நுரைப்பாயும் அவசியம். காயம்பட்டவரின் வெப்பத்தைப் பனித்தரை உறிஞ்சாமல் தடுப்பது அதுதான். உடனிருப்பவர் பேச்சு குழறினாலோ, பட்டையைப் பூட்ட முடியாமல் தடுமாறினாலோ, அடிக்கடி இடறினாலோ அது ஹைப்போதெர்மியாவின், அதாவது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன், தொடக்கம். உடனே நிறுத்தி, ஈரத்தை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள்.

புறப்படும் முன், வரைபடத்தில் வரைந்த வழி, வண்டி நிறுத்திய இடம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் உதவி கோர வேண்டும் என்ற விவரம் ஆகிய மூன்றையும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். கவனக்குறைவால் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க இம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. 2015 முதல் மாநில அரசு விற்கும் ஹைக் சேஃப் அட்டை அந்தச் செலவிலிருந்து காக்கும், ஆனால் வரம்பு மீறிய துணிச்சலுக்கு அது பொருந்தாது. அட்டை வைத்திருந்தாலும், பாதையில்லாத காட்டுக்குள் மீட்புக் குழு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம் என்று கணக்கிட்டே பையைக் கட்டுங்கள்.