வீணை வகுப்பில் காணாமல் போன சுருதி

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் வீட்டில் இரவு 7.30 என்றால் சென்னையில் மாலை 5. மகளின் வீணை வகுப்பு அப்போதுதான், ஸூம் செயலி வழியே வீடியோவில். சுருதிப்பெட்டி வீடு முழுக்கக் கேட்கும், டீச்சரோ, "சுருதி போடலையா கண்ணா?" என்பார். மீட்டிய ஸ்வரமும் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) முடிவதற்குள் அறுந்துபோகும். இணைப்பைச் சந்தேகித்து ரௌட்டரை இடம் மாற்றியதெல்லாம் வீண்.

காரணம், இரைச்சல் நீக்கும் வசதி. இத்தகைய செயலிகள் முதலில் பேச்சைத்தான் கவனிக்கும். காற்றாடிச் சத்தம் போல ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். சுருதிக்கும் அதே கதி! (சுருதிப்பெட்டியில் ஒலிக்கும் தம்புராவைக் காற்றாடியோடு சேர்த்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.)

சரி, தீர்வு. ஸூமின் ஆடியோ அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு விட்டால் போதாது. வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே வரும் பட்டனையும் தட்ட வேண்டும். எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிட்டதால் ஹெட்போன் கட்டாயம். அப்புறம், காற்றாடியையும் நிறுத்திவிடுங்கள். இப்போது அதுவும் சென்னை வரை கேட்கும்.

சேர்ந்து வாசிப்பது மட்டும் நடக்காது. ஒலி போய்ச் சேரும் தாமதம் தாளத்தைக் குலைத்துவிடும். டீச்சர் ஒரு வரி வாசித்து நிறுத்த, இவள் திருப்பி வாசிக்கிறாள்.