முயலுக்கு ஆபரேஷன் முடிந்ததா? இனி புழுக்கையை எண்ணுங்கள்

எங்கள் கறுப்பு முயல் மிளகுக்கு ஆண்மை நீக்க ஆபரேஷன் (ஊரில் காயடிப்பது என்பார்கள்) முடிந்து வீட்டுக்கு வந்த இரவு, டார்ச் அடித்து அடித்துத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது கூண்டின் தரையை. ஆண் முயலுக்குக் காயம் சின்னது, பெரும்பாலும் சிக்கலில்லாமல் ஆறிவிடும். குடல்தான் பிரச்சினை. மயக்க மருந்து, வலி, பயம் எல்லாம் சேர்ந்து குடலை நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து.

1. கிளம்புவதற்கு முன்

நாய், பூனைக்குப் போல இரவெல்லாம் பட்டினி போட வேண்டியதில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. வெறும் வயிறுதான் அதற்குக் கெடுதல். வலி மருந்து எத்தனை நாளைக்கு, எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. படுக்கை

மாடி, படி எதுவும் இல்லாத கூண்டு. மரத்தூள் தையலில் ஒட்டும், அதனால் பழைய பருத்தித் துண்டு போதும். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை உடம்பு சில்லிட்டுப் போகும். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் அது விலகிப் படுக்க இடம் வேண்டும்.

3. சாப்பாடு

இதில்தான் பொறுமை தேவை. வந்தவுடன் காய்ந்த புல், தண்ணீர், அதற்குப் பிடித்த கீரை எல்லாவற்றையும் மூக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தண்ணீர் கிண்ணத்தில் இருந்தால் குடிக்கச் சுலபம். மிளகு புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொத்தமல்லித் தழையை முகர்ந்தது, ஒரே ஒரு இலையைக் கடித்தது, தண்டை அப்படியே போட்டுவிட்டது. இரவு இரண்டரை மணிக்கு முதல் புழுக்கை. வழக்கத்தில் பாதி அளவுதான், பேருக்கேற்ற மாதிரி மிளகு மிளகாக. எனக்கு அப்புறம்தான் தூக்கம் வந்தது.

முதலில் சின்னதாக, கொஞ்சமாக வந்தால் பரவாயில்லை, நாளாக ஆகப் பெரிதாகும். ஆனால் 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, அல்லது புழுக்கையே இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள். சிரிஞ்சில் ஊட்டச் சொன்னால் முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கும், அது வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, முயல் மென்று விழுங்க விழுங்கக் கொடுங்கள். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் புரையேறிவிடும். வயிறு உப்பலாக, கெட்டியாக இருந்தால் ஊட்டவே வேண்டாம், நேராக மருத்துவரிடம்.

4. வலி

முயல் பெரும்பாலும் கத்தாது. கூனிக் குறுகி உட்காரும், கண்ணைப் பாதி மூடும், பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிக்கும். வீட்டு மாத்திரை டப்பாவைத் தொடாதீர்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்ஸிசிலின், முயலின் வாய்வழியாகப் போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

5. தையல்

காலை, மாலை ஒரு பார்வை. விதைப்பை முதல் சில நாள் லேசாக வீங்கியிருப்பது சகஜம். வீக்கம் கூடினால், சீழ் வந்தால், தையல் பிரிந்தால் கிளம்புங்கள். குளிப்பாட்டாதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய் வைத்தியமும் வேண்டாம், பூசிய நிமிடமே நக்கித் தீர்த்துவிடும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பை மருத்துவர் சொன்னால் மட்டும் மாட்டுங்கள். முயல் தன் மென்மையான புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அது அதற்குச் சத்து, கூம்பு போட்டால் எட்டாது.

பெண் முயலுக்கு வயிற்றைத் திறந்து செய்வதால் இன்னும் கவனம் வேண்டும். சுமார் இரண்டு வாரம் குதிக்க விடாதீர்கள்.

6. ஜோடி சேர்ப்பது

காயம் ஆறிவிட்டது, இனி கவலையில்லை என்று மூன்றாம் வாரமே மிளகைப் பக்கத்துக் கூண்டுப் பெண் முயலோடு விட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகும் 4 முதல் 6 வாரம் வரை விந்து தங்கியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள். இப்போது எங்கள் வீட்டில் குட்டிகளோடு சேர்த்து ஏழு முயல்.